மெய்ப்பொறியும் நிழற்பொறியும்: ஒரு வரலாற்று நோக்கு

புகழேந்திப் புலவரின் நளவெண்பாவிலே, தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் ஒருவன் இருக்கவேண்டிய இடத்தில் ஐவர் காணப்படுகின்றனர். ஒருவன் நிடத நாட்டு மன்னன் நளன். ஏனைய நால்வரும் அவன் உருவம் தாங்கி வந்த தேவர். முகமும் தோளும் அணியும் ஒன்றாகவே இருக்கின்றன. தமயந்தி மூன்று அடையாளங்களைக் கொண்டு உண்மை நளனைத் தேர்ந்தெடுக்கிறாள். மானிடன் கண் இமைக்கிறது; அவன் அடி நிலத்தில் தோய்கிறது; அவன் அணிந்த மாலை வாடுகிறது. உருவத்தைப் படியெடுத்த தேவர்கள் உருவத்தோடு வரும் இச்சிறு குறைகளைப் படியெடுக்க மறந்தனர். போலி அகப்பட்டது இவ்விடத்திலேதான்.

இவ்வினாவை இன்று கணனித் துறையினர் வேறொரு கோலத்தில் எழுப்புகின்றனர். ஒரு செய்நிரல் தான் இயங்கும் கணனி இரும்பாலும் சிலிக்கனாலும் ஆன மெய்ப்பொறியா, அன்றி இன்னொரு நிரல் தோற்றுவித்த நிழற்பொறியா என்பதை உள்ளிருந்தவாறே அறிய முடியுமா? தமயந்தி மண்டபத்திலே நின்று பார்த்தாள். இங்கோ பார்ப்பவனும் பார்க்கப்படும் உலகின் உள்ளே அடைபட்டவன். ஆகவே சிக்கல் சற்றுக் கடினமானது.

மெய்நிகர்ப் பொறி என்பது யாது என முதலிற் கூறவேண்டும். ஒரு கணனியின் வன்பொருளை ஒரு மேற்பார்வை நிரல் தன் வசப்படுத்திக்கொண்டு, அதனைப் பல கணனிகளைப்போலப் பிரித்துக் காட்டுகிறது. ஒவ்வொரு பங்கிலும் ஓர் இயக்க முறைமை குடியேறி, முழுக் கணனியும் தனக்கே உரியதென்று எண்ணிக்கொண்டு இயங்குகிறது. குடியேறியதை விருந்தினர் என்றும், இடங்கொடுத்ததைப் புரவலர் என்றும் இங்கு வழங்குவோம். 1995 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் முழுப் பல்கலைக்கழகமான, ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒருவர், தம்மிடமுள்ள ஒரே மடிக்கணனியில் விண்டோசையும் லினக்சையும் ஒருங்கே இயக்கிப் பயில வேண்டுமாயின் நாடும் வழியும் இதுவே. இரண்டாவது கணனி வாங்கப் பணம் இல்லாதோர்க்கு இஃது ஒரு பெரும் வாய்ப்பு.

மேலே எழுப்பிய வினாவின் விடையைவிட, அதனைக் கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பதே இவ்வரலாற்றில் முதன்மையானது என்பது எமது கருத்து. கேட்பவர் மாறுந்தோறும் வினாவின் பொருளும் மாறி வந்திருக்கிறது.

தொடக்கத்தில் ஒளிப்பு என்பதே இல்லை. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனம் நடத்திய அறிவியல் நிலையத்திலே, ரொபர்ட் கிரீசி என்பாரின் தலைமையில் 1964 ஆம் ஆண்டளவில் தொடங்கிய முயற்சி சி.பி.-40 என்னும் முறைமையாக உருப்பெற்று 1967 தொடக்கத்தில் இயங்கலாயிற்று. அதன் வழியிலே சி.பி.-67 தோன்றியது. பின்னர் 1972 ஆகஸ்டு மாதம் 2 ஆம் நாள் வி.எம்./370 என்னும் முறைமையை அந்நிறுவனம் சந்தைக்கு அறிவித்தது. பெருவிலை கொண்ட ஒரு கணனியைப் பல ஆய்வாளர் தனித்தனியே தமதெனக் கருதிப் பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். அம்முறைமையில், செயலியின் அடையாள எண்ணைக் கேட்கும் அறிவுறுத்தல் ஒன்றை விருந்தினர் நிறைவேற்றினால், விடையின் முதற் பகுதியில் மெய்ப்பொறி எதுவும் தாராத ஒரு தனிக்குறி வந்து நிற்கும். அதனைக் கண்டதும் விருந்தினர் தன் நிலையை உணர்ந்துகொள்ளும். அதுமட்டுமன்று, புரவலரோடு நேரே உரையாடவும் ஓர் அறிவுறுத்தல் ஒதுக்கப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் வாடகைக் குடியிருப்பாளரை ஏமாற்றவில்லை. கேட்டால் உள்ளதைச் சொன்னார். அதனால் இருவர்க்கும் வேலை இலகுவாயிற்று.

இத்துறைக்கு இலக்கணம் வகுத்தது 1974 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஒரு கட்டுரை. ஜெரால்ட் போபெக், ரொபர்ட் கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் எழுதிய அக்கட்டுரை இன்றும் வகுப்பறைகளிற் பயிலப்படுகிறது. மேற்பார்வை நிரலுக்கு மூன்று பண்புகள் வேண்டும் என்றனர் அவர்கள். விருந்தினரின் நடத்தை மெய்ப்பொறியில் இருப்பதை ஒத்திருத்தல் வேண்டும். பெரும்பாலான அறிவுறுத்தல்கள் இடையீடின்றி நேரே வன்பொருளில் ஓடுதல் வேண்டும். வளங்கள் யாவும் மேற்பார்வை நிரலின் பிடியில் இருத்தல் வேண்டும். அத்தோடு ஒரு விதியும் கூறினர்: பொறியின் நிலையைத் தொடுகின்ற, அன்றி வெளிப்படுத்துகின்ற அறிவுறுத்தல் எதனையும் விருந்தினர் நிறைவேற்ற முற்பட்டால், கட்டுப்பாடு உடனே மேற்பார்வை நிரலிடம் சென்றுவிட வேண்டும். அவ்வாறு செல்லாத ஓர் அறிவுறுத்தல் இருப்பின் அதுவே ஓட்டை.

வகுப்பறையில் விரைந்து கடந்து செல்லப்படும் ஒரு தொடர் அக்கட்டுரையில் உண்டு. நடத்தை ஒத்திருக்க வேண்டும் என்று கூறியவர்கள், கால அளவில் நேரும் வேறுபாட்டையும் வளங்களின் அளவில் நேரும் வேறுபாட்டையும் அவ்விதியினின்றும் விலக்கி வைத்தனர். அஃதாவது, மாலை வாடும் நேரம் ஒத்திருக்க வேண்டியதில்லை என்று இலக்கணமே விதிவிலக்கு அளித்துவிட்டது. போலியைக் கண்டுபிடிக்கும் வழி, போலிக்கு இலக்கணம் எழுதிய அன்றே அதனுள் வைக்கப்பட்டுவிட்டது எனலாம்.

பெருங்கணனிகளின் காலம் போய் மேசைக் கணனிகளின் காலம் வந்தபோது இவ்விலக்கணத்தை நினைவிற் கொள்வார் இல்லை. இன்டெல் நிறுவனம் 1982 இல் வெளியிட்ட 80286 என்னும் செயலியில், பொறியின் உள்நிலையைத் தெரிவிக்கும் சில அறிவுறுத்தல்களை எந்தச் சாதாரண நிரலும் தடையின்றி நிறைவேற்றலாம் என்று விட்டுவிட்டனர். அவற்றுள் ஒன்று, குறுக்கீடுகள் வரும்போது எங்கே செல்வது எனக் கூறும் அட்டவணை நினைவகத்தில் எவ்விடத்தில் உள்ளது என்பதைத் தெரிவிப்பது. ஒருவர் மேசையில் ஒருவர் பயன்படுத்தும் கணனியில் இதனால் யாது தீங்கு என்று அன்று எவருக்கும் தோன்றியிராது. அதனைக் குறையென்று கூறுவதும் முறையன்று. 2000 ஆம் ஆண்டிலே, ஜோன் ஸ்கொட் ரொபின், சிந்தியா ஏர்வின் ஆகியோர் பென்டியம் செயலியின் அறிவுறுத்தல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 17 அறிவுறுத்தல்கள் மேற்கூறிய விதியை மீறுகின்றன எனக் காட்டினர். அவர்களது கவலை பாதுகாப்புப் பற்றியது. எனினும் அவர்கள் தொகுத்த பட்டியல் பின்வந்தோர்க்கு வேறு வகையிற் பயன்பட்டது.

அதற்கு முன்பே, 1998 இல் நிறுவப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம், விதியை மீறும் செயலியிலும் மெய்நிகர்ப் பொறியை இயக்கிக் காட்டிவிட்டது. விருந்தினரின் கருநிரலிலுள்ள இடர்மிக்க அறிவுறுத்தல்களை ஓடும்போதே மாற்றியெழுதும் உத்தியை அவர்கள் கையாண்டனர். 1999 இல் வெளிவந்த அவர்களது பொருள் மேசைக் கணனியில் வெற்றி பெற்றது. ஆனால் அதன் விருந்தினர் பல வழிகளில் தன்னைக் காட்டிக்கொடுத்தார். புரவலரோடு பேசுவதற்கென ஒரு வாயில் இருந்தது; குறித்த ஓர் எண்ணைச் சொல்லிக் குறித்த வாயிலைத் தட்டினால் விடை வரும். மெய்ப்பொறியில் அவ்வாறு தட்டினால் பிழைதான் வரும். வலையமைப்பு அட்டைக்கு வழங்கப்பட்ட முகவரி 00-50-56 என்று தொடங்கியது. வேறொரு பொருளான வேர்ச்சுவல்பொக்சில் அது 08-00-27 என்று தொடங்கும். வன்தட்டைக் கேட்டால் அது தன் பெயரோடு உற்பத்தியாளர் பெயரையும் கூறிவிடும். இவையெல்லாம் நிலத்தில் தோயாத அடிகள்.

மருதமுனையிலே நெசவறிந்தோர் சேலையை வாங்குமுன் அதன் நடுப்பகுதியை நோக்குவதில்லை. ஓரத்தைப் புரட்டிப் பார்ப்பர். கைத்தறியில் துணி சுருங்காதிருக்க இருபுறமும் ஊசி கொண்டு இழுத்துப் பிடித்த சிறு துளைகளும், ஊடையின் இறுக்கம் இடத்துக்கு இடம் சற்றே மாறிய தன்மையும் அங்கே தெரியும். வண்ணத்தையும் பூவேலையையும் விசைத்தறி படியெடுத்துவிடும். ஓரத்தைப் படியெடுக்க எவரும் மினக்கெடுவதில்லை. வி.எம்.வேரின் முதற் பதிப்புகளைச் செய்தோரும் ஓரத்தை மறைக்க மினக்கெடவில்லை. மறைப்பது அவர்கள் நோக்கமுமன்று.

2004 நவம்பர் மாதத்தில் ஜொவானா ருட்கொவ்ஸ்கா என்னும் போலந்து நாட்டு ஆய்வாளர் மிகச்சிறிய ஒரு நிரலை வெளியிட்டார். அதன் உயிர் ஒரே ஓர் அறிவுறுத்தல். முன்னே குறிப்பிட்ட குறுக்கீட்டு அட்டவணையின் இருப்பிடத்தைக் கேட்பது. உண்மையான அட்டவணை புரவலருடையது. விருந்தினரின் அட்டவணையைப் புரவலர் வேறோர் உயரமான முகவரியில் வைத்திருக்க வேண்டியிருந்தது. எனவே முகவரி குறித்த ஓர் எல்லைக்கு மேலே இருந்தால் நிழற்பொறி. கீழே இருந்தால் மெய்ப்பொறி. 1999 இல் வெளிவந்த மேட்ரிக்ஸ் என்னும் திரைப்படத்தில் மாயையைக் கலைக்கும் சிவப்பு மாத்திரையின் பெயரை அவர் இதற்கு இட்டார். உத்தியின் எளிமை வியக்கத்தக்கது. ஆயினும் ஆயுள் குறைவு. ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் கொண்ட கணனிகள் பரவியபோது, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அட்டவணை இருந்தமையால், மெய்ப்பொறியையே நிழலென்று அம்மாத்திரை கூறலாயிற்று.

இத்துணை அக்கறை ஏன் எழுந்தது? வைரசுகளையும் புழுக்களையும் ஆராய்வோர் அவற்றை மெய்ப்பொறியில் ஓடவிட அஞ்சி, மெய்நிகர்ப் பொறியாகிய கூண்டிலே ஓடவிட்டு நடத்தையைக் குறித்துக்கொள்ளத் தொடங்கினர். கூண்டு கெட்டால் அழித்துவிட்டுப் பழைய நிலைக்குத் திருப்பலாம். சிலர் ஒருபடி மேலே சென்று, தீநிரல்கள் வந்து விழட்டும் என்று பாதுகாப்பற்றனபோல் தோன்றும் கணனிகளை இணையத்திலே திறந்து வைத்தனர். வேடர் காட்டுமானைப் பிடிக்கப் பழக்கி வைக்கும் மானுக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை வேட்டுவர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தில் அதனைக் குறிக்கிறது. இவ்வகைக் கணனிக்கும் அப்பெயர் பொருந்தும். பார்வை மானை இனங்காணும் காட்டுமான் பிழைத்துக்கொள்ளும். தீநிரல் எழுதுவோரும் அவ்வாறே தம் நிரலுக்குக் கற்பித்தனர்: கூண்டு என்று தெரிந்தால் ஒன்றும் செய்யாதே; நல்ல நிரல்போல் உறங்கு. 2008 நவம்பரில் தோன்றி உலகெங்கும் பரவிய கொன்ஃபிக்கர் என்னும் புழுவும் ருட்கொவ்ஸ்கா பயன்படுத்தியதை ஒத்த வேறோர் அறிவுறுத்தலைக் கொண்டு இவ்வாறு சோதித்தது.

இதற்கிடையில் வினாவைக் கேட்பவர் ஒருமுறை இடம் மாறினர். 2005 இறுதியில் இன்டெல் நிறுவனமும் 2006 இல் ஏ.எம்.டி. நிறுவனமும் மெய்நிகராக்கத்துக்கு வன்பொருளிலேயே துணை அமைத்தன. போபெக்கும் கோல்ட்பேர்க்கும் கூறிய விதி ஏறத்தாழ முப்பதாண்டுக்குப் பின் மேசைக் கணனிக்கும் கிடைத்தது; பழைய ஓட்டைகள் பல அடைபட்டன. அடைபட்டதும், ருட்கொவ்ஸ்கா 2006 ஆகஸ்டிலே நீல மாத்திரை என்னும் மறுதலை உத்தியைக் காட்டினார். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணனியின் கீழே ஒரு மெல்லிய மேற்பார்வை நிரலைச் செருகி, அக்கணனியின் இயக்க முறைமையை அதற்கே தெரியாமல் விருந்தினராக்கிவிடலாம் என்பது அது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசொப்ட் ஆய்வாளரும் சேர்ந்து அவ்வாண்டிலேயே வேறொரு வழியில் இதே கருத்தைச் செய்து காட்டியிருந்தனர். இப்போது 'நான் நிழலில் இருக்கிறேனா' என்று அஞ்சிக் கேட்கவேண்டியவர், கணனியைக் காப்பவர். திருடனுக்கு உரியதாயிருந்த வினா காவலனுடையதாயிற்று. ருட்கொவ்ஸ்கா அதனை நூற்றுக்கு நூறு கண்டறிய முடியாததாகச் செய்யலாம் என்றார். 2007 இல் வேறு ஆய்வாளர் சிலர் கண்டறிந்து காட்டுகிறோம் எனப் போட்டிக்கு அழைத்தனர். வேலைக்குரிய ஊதியம் பற்றி உடன்பாடு ஏற்படாமையாற் போட்டி நடைபெறவில்லை. இருந்தால் நல்லதொரு காட்சியாக இருந்திருக்கும்.

அவ்வாண்டிலேயே டால் கார்ஃபின்கெல் முதலிய நால்வர் எழுதிய கட்டுரை, போட்டி நடவாமலே தீர்ப்புக் கூறியது என்பது எம் எண்ணம். விருந்தினர் அறிவுறுத்தல்களைத் திருத்தமாகப் பின்பற்றலாம். பொருந்துதல் என்பது அதுவே. ஆனால் பொருந்துதல் வேறு, தெரியாதிருத்தல் வேறு. முழுமையாகத் தெரியாத நிழற்பொறியைக் கட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்றனர் அவர்கள். காரணம் காலம். சில அறிவுறுத்தல்களைச் சந்திக்கும்போது செயலி விருந்தினரை நிறுத்திப் புரவலரிடம் சென்று மீளவேண்டியிருக்கிறது. மெய்ப்பொறியில் ஓரிரு நூறு துடிப்புகளில் முடியும் வேலை, நிழற்பொறியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துடிப்புகளை உண்ணும். துடிப்பை எண்ணும் மானியைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். புரவலர் மானியைப் பின்தள்ளிப் பொய் சொல்லலாம். அப்போது விருந்தினர் செயலியின் இன்னொரு கருவில் வெறுமனே ஒன்று, இரண்டு என எண்ணும் ஒரு நிரலை ஓடவிட்டு ஒப்பிடலாம். வலையமைப்பின் வழியே வெளியுலகக் கடிகாரத்தைக் கேட்கலாம். எல்லாக் கடிகாரங்களையும் ஒரே அளவிற் பொய்யாக்குவது எளிதன்று. இன்னொரு வழியும் உண்டு. செயலியின் உள்ளே அண்மையிற் பயன்படுத்திய முகவரிகளை வைத்திருக்கும் சிறு களஞ்சியத்தை விருந்தினர் முழுமையாக நிரப்பிவிட்டு, புரவலரை அழைக்கும் ஓர் அறிவுறுத்தலை நிறைவேற்றி, பின்னர் எத்தனை முகவரி எஞ்சியுள்ளன என்று பார்க்கலாம். நாம் இல்லாத வேளையில் வீட்டுக்குள் வந்துபோனவர் எதையும் எடுக்காவிடினும், பாயை மிதித்த தடம் தெரியுமல்லவா? இலக்கணம் 1974 இல் விட்ட விதிவிலக்கு இவ்வாறு 2007 இல் வந்து கைகொடுத்தது.

கூண்டை ஐயுறும் தீநிரலின் அச்சமே அதற்குக் கூற்றுவனாய் முடிந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2017 மே 12 ஆம் நாள் வன்னகிரை என்னும் பணயத் தீநிரல் உலகின் பல நாடுகளிலே பரவி, இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகளையும் நிலைகுலையச் செய்தது. அது வேலையைத் தொடங்குமுன், எவரும் பதிவு செய்யாத நீண்டதோர் இணையப் பெயரை அழைத்துப் பார்த்தது. மெய்யான இணையத்தில் அப்பெயருக்கு விடை வராது. ஆய்வாளரின் கூண்டுகள் சிலவோ எப்பெயரைக் கேட்டாலும் தாமே ஒரு விடையைக் கொடுத்துத் தீநிரலைத் தொடர்ந்து பேசவைக்கும். ஆகவே விடை வந்தால் கூண்டு, உடனே நிறுத்து. மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்னும் இங்கிலாந்து இளைஞர் நிரலில் அப்பெயரைக் கண்டு அதனைத் தம் பெயரிற் பதிவு செய்தார். அதன்பின் அப்பெயருக்கு உலகெங்கும் விடை கிடைக்கலாயிற்று. புதிதாகப் புகுந்த இடங்களிலெல்லாம் அப்புழு தன்னைக் கூண்டில் அகப்பட்டதாகக் கருதித் தானே அடங்கியது. அச்சோதனையின் நோக்கம் இதுவென அவரே பின்னர் ஊகித்து விளக்கினார். இது மெய்நிகர்ப் பொறியைத் தேடும் சோதனையன்று, கூண்டைத் தேடும் சோதனையே என வேறுபடுத்திக் கூறுதல் வேண்டும். ஆயினும் இரண்டும் ஒரே குடும்பத்தன.

தீநிரலாளர் இன்று இவ்வினாவிலே முன்போல் ஊன்றி நிற்க முடியாமைக்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. நிறுவனங்கள் தம் சேவைக் கணனிகளை மெய்நிகர்ப் பொறிகளாக்கி, மேகம் எனப்படும் பொதுக் களஞ்சியங்களுக்கு மாற்றிவிட்டன. கொள்ளைப் பொருள் முழுவதும் நிழற்பொறிகளிலே சேர்ந்தபின், நிழற்பொறியைக் கண்டு ஓடும் திருடன் வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான். சிமான்டெக் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட ஆய்விலே, தீநிரல்களுள் ஏறத்தாழ 18 சதவீதமே மெய்நிகர்ப் பொறியைக் கண்டு நின்றன. ஏனையவை தயங்காது இயங்கின.

எமது நாட்டிலும் இதன் நிழல் விழுந்தது. இலங்கை அரசின் மேகத்திலே இயங்கிய மின்னஞ்சற் சேவையைப் பணயத் தீநிரல் ஒன்று 2023 ஆகஸ்டு 26 ஆம் நாள் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. காப்புப் பிரதிகளும் பூட்டப்பட்டமையால், அவ்வாண்டு மே 17 தொடக்கம் ஆகஸ்டு 26 வரையிலான கடிதங்கள் மீளவில்லை. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஓர் அரச அலுவலர் தம் மேசையிலிருந்து அனுப்பும் கடிதம் கொழும்பிலுள்ள மேகத்தில் தங்குகிறதென்றால், அவருடைய அலுவலகத்தின் அலுமாரி இப்போது அங்கே இருக்கிறது என்பதே பொருள். தாக்கப்பட்ட மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. மாற்றப்படாமல் நெடுநாள் கிடந்தது. 'மேகத்தில் இருக்கிறது, ஆகவே பத்திரம்' என்ற எண்ணத்துக்கு அந்நிகழ்வு இடம் வைக்கவில்லை.

மேகம் வந்தபின் புரவலரும் மீண்டும் வெளிப்படையாகப் பேசத் தொடங்கிவிட்டார். இன்றைய செயலியில் அதன் இயல்புகளைக் கேட்கும் அறிவுறுத்தலுக்கு வரும் விடையிலே, மேற்பார்வை நிரல் கீழே உண்டு எனக் கூறுவதற்கு ஒரு துகள் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வினாவுக்குப் பன்னிரண்டு எழுத்தில் அந்நிரல் தன் பெயரையும் கூறும், வி.எம்.வேர் தன் பெயரை இருமுறை சொல்லும், லினக்சின் கே.வி.எம். மும்முறை சொல்லும். விருந்தினர் தன் நிலையறிந்து நடந்தால் வேகம் கூடும் என்பதே காரணம்; 1972 இல் ஐ.பி.எம். கண்ட அதே காரணம். மறைக்க விரும்பும் புரவலர் அத்துகளை அணைத்துவைக்கலாம். ஆய்வாளர் தம் கூண்டுகளில் அவ்வாறே செய்கின்றனர்.

இனி, பரீட்சைகளை வீட்டிலிருந்து எழுத வைக்கும் மென்பொருள்களும், விளையாட்டில் ஏமாற்றைத் தடுக்கும் மென்பொருள்களும் இவ்வினாவைக் கேட்கின்றன. மாணவர் ஒரு நிழற்பொறிக்குள் பரீட்சைத்தாளைத் திறந்துவைத்து வெளியே விடையைத் தேடுவாரோ என்பது அவற்றின் ஐயம். ஆனால் அத்துகளை மட்டும் நம்பும் மென்பொருள் இன்று தடுமாறும். விண்டோசின் அண்மைப் பதிப்புகளிலே, கடவுச்சொற்களையும் கருநிரலையும் காப்பதற்காக ஒரு மேற்பார்வை நிரல் அடியில் இயங்குமாறு பல கணனிகளில் தொடக்கத்திலேயே அமைத்துவிடுகின்றனர். அதன்மீது இயங்கும் விண்டோசும், உரிமை மிகுந்ததாயினும், ஒரு விருந்தினரே. சாய்ந்தமருதுக் கடைத்தெருவில் இன்று வாங்கும் புதிய மடிக்கணனியை உறை பிரித்து இயக்கி அத்துகளைக் கேட்டாலும், கீழே ஒருவர் இருக்கிறார் என்ற விடை வரக்கூடும். அதனால் அம்மென்பொருள்கள் அத்தோடு நில்லாது, கீழே இருப்பவரின் பெயரையும், விருந்தினருக்கு அவர் அளித்துள்ள உரிமைகளையும், வலையமைப்பு அட்டையின் முகவரியையும், துடிப்புமானியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பார்க்கின்றன.